ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை: அறிகுறியை வைத்து இக்னிஷன் பழுதைப் பிடிக்கும் வழி

இரண்டு சிலிண்டர் பைக்கில் ஒன்று மட்டும் படுத்துவிட்டால் எஞ்சின் அணைந்துவிடாது. ஓடும், ஆனால் இழுக்காது. ஐடிலில் உதறும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் மூச்சுத் திணறி ஏறும். சைலன்சரில் எரியாத பெட்ரோல் வாடை வரும், நடுநடுவே ‘டப்’ என்று வெடிக்கும். இந்த நிலையில் பலரும் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். முதலில் பிளக், அடுத்து பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், அதற்கும் கேட்காவிட்டால் காயிலை இயக்கும் சிடிஐ பெட்டி. கடைசியில் பழுது பிளக்கின் தலையில் செருகும் பிளக் கேப்புக்குள் இருக்கும். இக்னிஷனிலேயே மலிவான பாகங்களில் அது ஒன்று.

ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. பழுதான சிலிண்டருக்குப் பக்கத்திலேயே அதே பாட்டரியில், அதே பெட்ரோலில், அதே பாகங்களோடு இன்னொரு சிலிண்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. சந்தேகப்படும் பாகத்தை நல்ல பக்கத்துக்கு மாற்றுங்கள். பழுதும் கூடவே போனால் குற்றம் அந்தப் பாகத்தில். பழைய இடத்திலேயே நின்றால் அந்தப் பாகத்தை மறந்துவிடலாம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பாகம்தான் மாற வேண்டும். பிளக்கையும் கேப்பையும் சேர்த்து மாற்றிவிட்டு ஓட்டினால் வண்டி சரியாகலாம். எது கெட்டிருந்தது என்று தெரியாது, அடுத்த வாரம் அதே பழுது வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த சிலிண்டர் என்று உறுதி செய்யுங்கள்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் போகும் பென்ட் பைப் இரண்டிலும் ஹெட்டுக்கு அருகே ஒரே இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அடிக்கும் சிலிண்டரின் பைப்பில் தண்ணீர் ‘சுர்’ரென்று ஆவியாகும். அடிக்காததில் வழிந்து இறங்கும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள்ளேயே தோலைப் பொசுக்கும் சூடு வந்துவிடும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. குரோம் பைப்பின் பளபளப்பு அதை ஏமாற்றி உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்ட வைக்கும். இரண்டு பைப்பிலும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் வைத்து அளந்தால் அந்தத் தவறு இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும், வித்தியாசம் மட்டும் நம்பத்தக்கது. முழுக்க அடிக்காத சிலிண்டர் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். விட்டுவிட்டு மிஸ் அடிக்கும் சிலிண்டரில் பைப் சூடாகத்தான் இருக்கும், பக்கத்துப் பைப்பை எட்டாது.

ஓடும் எஞ்சினில் பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். காயில் உண்டாக்கும் மின்சாரம் பாய வழி இல்லாவிட்டால் அதன் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், காயிலின் உள் இன்சுலேஷனையோ சிடிஐயையோ பிடித்தவர் கையையோ வழியாக்கிக்கொள்ளும். ஒரு சிலிண்டரை நிறுத்திப் பார்க்க வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்து, கேப்பைக் கழற்றி, அதில் ஓர் உபரி பிளக்கைச் செருகுங்கள். அந்த பிளக்கின் இரும்பு உடலை கிளிப் வயரால் எஞ்சினோடு எர்த் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எந்த சிலிண்டரை நிறுத்தியபோது எஞ்சின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, பழுது அதில்தான்.

ஓட்டத்தின் தாளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டு பிஸ்டன்களும் கிராங்க் தண்டில் எத்தனை டிகிரி தள்ளி அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத் தாளம் மாறும். 360 டிகிரி கிராங்க் எஞ்சினில் இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் அடிக்கும். 180 டிகிரி கிராங்க்கில் இடைவெளி 180, 540 என்று மாறி மாறி வரும். ராயல் என்ஃபீல்டு 650, யமஹா எம்டி-07 போன்ற 270 டிகிரி கிராங்க் எஞ்சின்களில் 270, 450. இவற்றின் ஐடில் பிறவியிலேயே நொண்டுவதுபோல்தான் கேட்கும். பைப் சூட்டைப் பார்க்காமல் காதை மட்டும் நம்பினால் நல்ல எஞ்சினைப் பிரித்துவிடுவீர்கள்.

இது இக்னிஷன் பழுதுதானா?

பழுதான பக்கத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும் முன் பிளக் குழியில் இருக்கும் மண்ணை ஊதி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும்.

பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பற்றவில்லை. இக்னிஷன் பக்கம் போகலாம். எலும்புபோல உலர்ந்திருந்து, ஸ்பார்க்கும் நன்றாக வந்தால் கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டரைப் பாருங்கள். மங்கிய கறுப்புக் கரி படிந்திருந்தால் இரண்டு காரணமும் இருக்கலாம்: பெட்ரோல் அதிகம், அல்லது ஸ்பார்க் மெலிவு. எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் பழுது பிஸ்டன் ரிங்கில் அல்லது வால்வ் சீலில். புது பிளக் போட்டாலும் சில நாளில் அதே கதிதான்.

பிளக்குகளைக் கழற்றியிருக்கும்போதே கம்ப்ரஷனையும் அளந்துவிடுவது நல்லது. இரண்டு கேப்பிலும் பிளக்கைச் செருகி எர்த் செய்து, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து, ஐந்தாறு சுற்று சுழற்றுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் இக்னிஷனில் கை வைக்கும் முன் டேப்பெட் இடைவெளியைப் (வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) பாருங்கள்.

காயில் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படி வேண்டாம்

ஒரே காயிலிலிருந்து இரண்டு எச்.டி. வயர் (உயர் மின்னழுத்தம் போகும் தடித்த பிளக் வயர்) கிளம்பி இரண்டு பிளக்குக்கும் போகிறதா, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயிலா? இதைப் பொறுத்துத் தேடும் இடமே மாறிவிடும்.

இரட்டை வயர் காயிலில் இரண்டு பிளக்கும் ஒரே நொடியில் அடிக்கும். ஒன்று கம்ப்ரஷனில் வேலை செய்யும், மற்றது எக்ஸாஸ்ட் நேரத்தில் வீணாக அடிக்கும். காயிலின் ஒரு முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் முதல் பிளக் வழியாக ஹெட்டுக்குள் இறங்கி, இரண்டாவது பிளக் வழியாக மறுமுனைக்குத் திரும்புகிறது. ஆகவே ஒரு பிளக் நன்றாக அடித்து இன்னொன்று மட்டும் அடிக்காவிட்டால், ஒரே கணத்தில் நிறையச் சந்தேகங்கள் தீர்ந்துவிடுகின்றன. ஸ்பார்க் நேரத்தை உணர்த்தும் பிக்கப் காயில் சரி, சிடிஐ அல்லது இசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) சரி, காயிலின் பிரைமரி (மின்சாரம் நுழையும் சுருள்) சரி, சப்ளை வயர் சரி. இவற்றில் எது கெட்டாலும் இரண்டு பிளக்கும் சேர்ந்துதான் நின்றிருக்கும். மிச்சம் இருப்பது பிளக், கேப், எச்.டி. வயர், காயிலிலிருந்து வயர் வெளியேறும் கழுத்து, இவ்வளவுதான். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் 1-4, 2-3 என்று ஜோடியாகக் காயில் இருந்தால் இதே தர்க்கம் பொருந்தும்: ஜோடி முழுதும் நின்றால் காயிலும் அதன் முன்பகுதியும், ஜோடியில் ஒன்று மட்டும் என்றால் வயருக்குப் பின்பகுதி.

இந்த அமைப்பில் எச்.டி. வயர் எட்டினால் இரண்டையும் இடம் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் அடிப்பதால் டைமிங் கெடாது.

தனிக் காயில் என்றால் எச்.டி. வயரை மட்டும் இடம் மாற்றக் கூடாது. 180, 270 டிகிரி எஞ்சின்களிலும் வி-ட்வினிலும் தவறான நேரத்தில் ஸ்பார்க் விழுந்து எஞ்சின் எதிர்த்து உதைக்கும். எச்.டி. வயரையும் அந்தக் காயிலுக்கு வரும் சின்னக் கப்ளரையும் (வயர் இணைப்பு) சேர்த்து இடம் மாற்றுங்கள். காயிலை போல்ட் கழற்றாமலே அது எதிர்ப்பக்கத்துக்கு வேலை செய்யத் தொடங்கும். பிளக்கின் தலையிலேயே உட்காரும் ஸ்டிக் காயில் என்றால் இன்னும் சுலபம், உருவி மாற்றிச் செருகினால் போதும்.

அறிகுறி: எப்போதுமே அடிக்கவில்லை, குளிரிலும் சூட்டிலும்

நிலையான பழுது. பிடிக்க எளிது.

பிளக்குகளை இடம் மாற்றுங்கள். பழுது நகர்ந்தால் பிளக்தான். நகராவிட்டாலும் கழற்றிய பிளக்கின் பீங்கானை வெளிச்சத்தில் பாருங்கள். மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு, பென்சிலால் இழுத்ததுபோல் இருந்தால் மின்சாரம் வெளிப்புறமாக ஒழுகி எர்த்துக்குப் போயிருக்கிறது. அதே கோட்டின் மறுபாதி கேப்பின் உட்சுவரில் இருக்கும். பிளக்கை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய கேப்பில் இருக்கும் கரித்தடம் புதுப் பீங்கானையும் எரித்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பீங்கான் இரும்பைச் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிற வளையம் மட்டும் இருந்தால் அது பழுது இல்லை. உயர் மின்னழுத்தம் ஈர்த்துப் படிய வைத்த எண்ணெய்த் துகள்கள் அவை.

பிளக்கின் தலையில் உள்ள குமிழ் நட்டைக் கையால் திருகிப் பாருங்கள். சில கேப்புகளுக்கு அந்த நட் வேண்டும், சிலவற்றுக்குக் கழற்றிவிட்டு வெறும் மரையோடு செருக வேண்டும். தவறாக இருந்தால் கேப் உட்கார்ந்ததுபோலத் தெரியும், உள்ளே தொடர்பு இருக்காது.

அடுத்து கேப். ரெசிஸ்டர் உள்ள கேப்புகளில் பெரும்பாலும் 5 கிலோ ஓம். வயரிலிருந்து எதிர்த்திசையில் திருகிக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை மரை பக்கமும் மறுமுனையை பிளக் பக்கமும் வையுங்கள். கேப்பில் எழுதியிருக்கும் மதிப்பை ஒட்டி வந்தால் சரி. 10 கிலோ ஓமுக்கு மேல் ஏறினாலோ, எண் நிலைக்காமல் அலைந்தாலோ, ஒன்றும் காட்டாமல் இருந்தாலோ கேப்பை மாற்றுங்கள். பக்கத்துக் கேப்பையும் அளந்து ஒப்பிடுங்கள்.

கேப் கழன்றிருக்கும்போது எச்.டி. வயரின் முனையைப் பாருங்கள். செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் 5 முதல் 6 மில்லிமீட்டர் வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்படி செய்து, கேப்பை இறுக்கித் திருகுங்கள். கேப்பின் உள்ளே இருக்கும் ஆணி வயரின் நடுவில் இறங்க வேண்டும். ஓரமாக இறங்கினால் சில நாள் ஓடிவிட்டு மறுபடி மிஸ் அடிக்கும். திருகு வகைக் கேப்புக்குச் செம்பு இழை வயர்தான் பொருந்தும், கரி இழை வயரில் ஆணி பிடிக்காது. வயர் காயிலோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தால் வெட்டும்போது நீளம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சரி என்றால் காயில். இரட்டை வயர் காயிலில் இரண்டு வயர் முனைகளுக்கும் நடுவே, கேப் இல்லாமல், செகண்டரியை (உயர் மின்னழுத்தச் சுருளை) அளக்க வேண்டும். ஒரு முனையையும் எர்த்தையும் அளந்தால் பல காயில்களில் ஒன்றும் காட்டாது, அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். தனிக் காயிலில் வயர் முனைக்கும் பிரைமரி முனைக்கும் அல்லது எர்த்துக்கும் நடுவே. செகண்டரி பெரும்பாலும் சில கிலோ ஓமிலிருந்து 20 கிலோ ஓம் வரை இருக்கும். பிரைமரி, பாட்டரியின் 12 வோல்ட் நேராக வரும் பாட்டரி வகைக் காயிலில் சில ஓம், சிடிஐ காயிலில் 1 ஓமுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய எண்ணை அளக்கும்போது மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். சரியான மதிப்புக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மானுவல்தான் கடைசி வார்த்தை. தனிக் காயில் வண்டியில் அது கையில் இல்லாவிட்டால் பக்கத்துக் காயில் மானுவலின் வேலையைப் பாதி செய்துவிடும். உள்ளே டையோடு வைத்த ஸ்டிக் காயில்களில் செகண்டரியைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது, அவற்றில் இடம் மாற்றிப் பார்ப்பது ஒன்றே வழி.

ஸ்பார்க்கை எப்படிப் பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பிளக்கை ஹெட்டில் சாய்த்து வைத்து நீலப்பொறி தெரிந்ததும் ‘கரண்ட் வருது’ என்று முடிவு கட்டுவது அரைகுறைச் சோதனை. வெளிக்காற்றில் 0.7 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட மூவாயிரம் வோல்ட்டை ஒட்டியே போதும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையைத் தாண்ட, அதுவும் லோடு ஏறும்போது, பத்தாயிரத்துக்கு மேல் வேண்டும். வெளியே அடித்து உள்ளே படுத்துவிடும் காயில்கள் ஏராளம். இடைவெளியை மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரில் 6 முதல் 8 மில்லிமீட்டர் தாண்டுகிறதா என்று பாருங்கள். நல்ல பக்கம் தாண்டும் தூரத்தைப் பழுதான பக்கம் தாண்டவில்லை என்றால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கழற்றிய பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், டெஸ்டரைத் துளைக்கு எட்டத்தில் வையுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

தனிக் காயிலில் இடம் மாற்றியும் பழுது நகராவிட்டால் அந்தக் காயிலுக்கு வரும் வயரிங்கைப் பாருங்கள். சாவியைத் திருப்பி, கில் சுவிட்சை ஆன் செய்து, காயிலின் சப்ளை வயரில் வோல்ட் அளந்தால் 12.5 காட்டும், அதை நம்பிவிடக் கூடாது. மின்சாரம் பாயாதபோது துருப்பிடித்த தொடர்பும் முழு வோல்ட்டைக் காட்டும். காயிலின் கப்ளரைக் கழற்றி, சப்ளை வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு அளங்கள். அதில் ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவு பாயும். பாட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. இரண்டு காயிலுக்கும் ஒரே சப்ளை என்றால் கிளை பிரியும் இடத்திலிருந்து பழுதான காயில் வரை மட்டும் தேடினால் போதும்.

காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஸ்பார்க்கின் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஒரு வோல்ட்தானே என்று விடக் கூடாததன் காரணம் இது.

சிடிஐ வண்டிகளில் இந்தப் பல்பு சோதனை செய்யக் கூடாது. அங்கே காயிலுக்கு 12 வோல்ட் வருவதில்லை. சிடிஐயிலிருந்து நூற்றுக்கணக்கான வோல்ட் துடிப்பாக வருகிறது, கையில் பட்டால் ஆபத்து. பதிலாகக் காயில் சேஸிஸில் போல்ட் ஆகும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பெயின்ட் அடித்த சேஸிஸில் எர்த் கிடைக்காமல் நின்ற காயில்கள் பல உண்டு.

அறிகுறி: குளிரில் நன்றாக ஓடுகிறது, சூடானதும் ஒரு பக்கம் நின்றுவிடுகிறது

ஆறினால் மறுபடி சரியாகிவிடும். கழற்றி அளக்கும் நேரத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கும். பொறுமையைச் சோதிக்கும் பழுது இது.

காயிலின் உள் கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகலாம், அல்லது இன்சுலேஷன் சூட்டில் இளகி உள்ளேயே கசியலாம். முதல் வகையைச் சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டரால் பிடிக்கலாம். இரண்டாவது வகையை மல்டிமீட்டர் காட்டாது. அதன் சோதனை மின்னழுத்தம் சில வோல்ட்தான், கசிவோ ஆயிரக்கணக்கான வோல்ட்டில்தான் நடக்கும். எனவே எஞ்சினைக் குளிரில் ஸ்டார்ட் செய்து, முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் சந்தேகப்படும் காயிலை மட்டும் சூடாக்குங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே அந்தப் பக்கம் மிஸ் அடிக்கத் தொடங்கினால் காயில்தான். எதிர்த்திசையிலும் செய்யலாம்: பழுது வந்ததும் பிளாஸ்டிக் உறையில் கட்டிய ஐஸைக் காயிலின் மேல் வைத்து, அடிக்கத் தொடங்குகிறதா பாருங்கள்.

பிக்கப் காயில் எஞ்சின் கவருக்குள் எண்ணெய்ச் சூட்டில் வேகும் பாகம், அதுவும் இப்படித்தான் சாகும். ஆனால் இன்றைய ட்வின்களில் பெரும்பாலும் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே பிக்கப்தான். அப்படியானால் ஒரு சிலிண்டர் பழுதுக்கு அது காரணமாக முடியாது, தொட வேண்டாம். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பிக்கப் இருந்தால் எஞ்சின் சூட்டோடு கப்ளரில் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். வழக்கமாக நூறு முதல் சில நூறு ஓம்; இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிக்கப்பின் முனைக்கும் ரோட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும், முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இக்னிஷனே இல்லாத ஒரு காரணமும் இதே முகத்தோடு வரும். டேப்பெட் இடைவெளி சிறிதும் இல்லாமல் இறுகிப்போனால், சூட்டில் வால்வ் நீண்டு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் ஒழுகும். குளிரில் நன்றாக ஓடும், சூடானதும் ஐடிலில் அந்த சிலிண்டர் விட்டுவிடும். சூட்டில் கம்ப்ரஷன் அளந்தால் தெரிந்துவிடும். இதைக் காயில் பழுது என்று எண்ணி ஓட்டிக்கொண்டே இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்துபோகும்.

அறிகுறி: மழையிலும் தண்ணீர் அடித்த பிறகும் மட்டும்

கேப்பின் ரப்பர் தளர்ந்திருக்கும், அல்லது எச்.டி. வயரில் மயிரிழை விரிசல் இருக்கும். இருட்டான இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலால் பனிபோல் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அருகில் கை வைக்காதீர்கள். இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே தீர்வு ஆகாது, 12 வோல்ட்டுக்கான டேப் அது, வயரை மாற்றுங்கள்.

பிளக் ஆழக் குழியில் இருக்கும் எஞ்சின்களில் தண்ணீர் வடிய ஹெட்டின் பக்கத்தில் சிறு துளை விட்டிருப்பார்கள். அது மண்ணால் அடைத்துக்கொண்டால் பிளக் தண்ணீரில் நிற்கும். சுசுகி எஸ்வி650-யின் முன் சிலிண்டர் இதற்குப் பெயர் போனது: முன்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் முழுதும் அதன் மேல்தான் விழும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, குழியை ஊதி உலர்த்தி, கேப்பின் ரப்பர் உதட்டில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லத் தடவுங்கள். பிளக் முனையைக் கவ்வும் உலோகப் பகுதியில் அப்ப வேண்டாம்.

அறிகுறி: ஐடிலில் சரி, முறுக்கினால் மிஸ்

லோடு ஏறும்போது சிலிண்டர் அழுத்தம் கூடும், ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்ட்டும் கூடும். அரைகுறை இன்சுலேஷன் உள்ள எதுவும் இந்த இடத்தில்தான் விட்டுக்கொடுக்கும். மலிவான சோதனை ஒன்று: இரண்டு பிளக்கின் இடைவெளியையும் 0.1 அல்லது 0.15 மில்லிமீட்டர் குறைத்துப் பாருங்கள். மிஸ் குறைந்தால் ஸ்பார்க் வோல்ட் போதவில்லை என்பது உறுதி. தேய்ந்த பிளக், கேப், வயர், காயில் என்ற வரிசையில் போங்கள். சோதனை முடிந்ததும் இடைவெளியைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். பல வண்டிகளுக்கு 0.6 முதல் 0.9 வரை, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று மானுவலில் இருக்கும். இரிடியம் பிளக்கில் இதைச் செய்யாதீர்கள், ஊசிமுனை எலக்ட்ரோடு லேசான நெம்புதலிலும் உடையும்.

அறிகுறி: ஐடிலில் மட்டும் மிஸ், முறுக்கினால் இரண்டும் ஓடுகிறது

இக்னிஷனை விடுங்கள். மெலிந்த ஸ்பார்க் முதலில் லோடில்தான் தோற்கும். ஐடிலில் மட்டும் தோற்றால் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அந்தப் பக்கத்தில் அடைத்திருக்கும், அல்லது இன்டேக் ரப்பரில் விரிசல் வழியாகக் காற்று நுழையும். கார்புரேட்டர் வண்டி சில மாதம் ஓடாமல் நின்று எடுத்ததும் இந்த அறிகுறி வந்தால் பைலட் ஜெட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

அறிகுறி: ஹேண்டிலைத் திருப்பினால், குழியில் இறங்கினால் விட்டுவிட்டு வருகிறது

கப்ளரும் வயரும். ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரு ஓரத்துக்கும் திருப்புங்கள்; காயில் கப்ளரையும் அதற்குப் போகும் ஒவ்வொரு வயரையும் மெல்ல அசையுங்கள். வெளித்தோல் நன்றாக இருந்து உள்ளே செம்பு அறுந்த வயரை லேசாக இழுத்தால் ரப்பர்போல் நீளும். கப்ளரின் பெண் முனை அகன்றிருந்தால் ஊசியால் நெருக்குங்கள். பச்சைப் பூசணம் இருந்தால் காண்டாக்ட் கிளீனர். எச்.டி. வயரை இப்படிக் கையால் அசைக்காதீர்கள்.

பாயிண்ட் செட் உள்ள பழைய வண்டிகள்

இவற்றில் பலவற்றுக்கு சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் உண்டாக்கும் சுவிட்ச்), பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் ஒரு கண்டன்சர், ஒரு காயில். மூன்றையும் தனித்தனியாக இடம் மாற்றிப் பார்க்கலாம் என்பதால் வேலை சுத்தமாக நடக்கும். பாயிண்ட் இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். ஓடும்போது ஒரு பாயிண்ட்டில் மட்டும் பளிச்சென்று பொறி பறந்து, முகம் கரிந்திருந்தால் அதன் கண்டன்சர் போய்விட்டது. சூட்டில் விட்டுப்போகும் கண்டன்சரும் உண்டு. இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். பாயிண்ட்டைத் தொட்ட பிறகு அந்த சிலிண்டரின் டைமிங்கைச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

இசியூ, இக்னைட்டர், சிடிஐ

வரிசையில் கடைசி. தனிக் காயில் வண்டியில் மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். இரண்டு பின் உள்ள பாட்டரி வகைக் காயில் என்றால் காயிலின் கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கக் கப்ளரின் இரு பின்களுக்கும் நடுவே 12 வோல்ட் எல்இடி டெஸ்டரை இணைத்து, பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். நல்ல பக்கத்தில் எல்இடி சீராக மின்னும். பழுதான பக்கத்தில் மின்னாவிட்டால் காயிலிலிருந்து இசியூ அல்லது இக்னைட்டர் பெட்டி வரை அந்த ஒரு வயரின் தொடர்ச்சியை அளங்கள். வயரும் சரியென்றால்தான் பெட்டி பழுது. சிடிஐயிலும், மூன்று நான்கு பின் உள்ள காயில்களிலும் இந்தச் சோதனை வேண்டாம்.

மாட்டும்போது

பிளக்கை முதலில் கையால் மட்டுமே மரையில் ஏற்றுங்கள். ஆறிய அலுமினிய ஹெட்டில் 10 மில்லிமீட்டர் மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, 14 மில்லிமீட்டருக்கு 25 முதல் 30. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் வாஷர் உள்ள புது பிளக்கைக் கை இறுக்கத்துக்குப் பிறகு ஏறக்குறைய அரைச் சுற்று, ஏற்கெனவே மாட்டிய பிளக்கைப் பன்னிரண்டில் ஒரு சுற்று. கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள், பீங்கான் விரிசல் உள்ளே இருந்தால் வெளியே தெரியாது. வெப்ப எண்ணில் கம்பெனிகள் எதிரெதிர்: என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடான பிளக். எண்ணைப் பார்த்து மாற்று வாங்காமல் பொருத்தப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். பெயரில் ஆர் எழுத்து உள்ள ரெசிஸ்டர் பிளக் போட வேண்டிய இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆர் இல்லாததைப் போட்டால் ஸ்பார்க்கின் மின் இரைச்சல் இசியூவைக் குழப்பும்.

ஒரு சிலிண்டர் அடிக்காமல் வெகுநேரம் ஓட்டியிருந்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். ஆயிலை முகர்ந்து பாருங்கள், மட்டத்தையும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ மட்டம் ஏறியிருந்தாலோ ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஓட்டுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். பழுது தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிடுவதே நல்லது. எல்லாம் முடிந்ததும் கால் மணி நேரம் லோடில் ஓட்டிவந்து இரண்டு பென்ட் பைப்பின் சூட்டையும் மறுபடி ஒப்பிடுங்கள், ஆறிய பிறகு பழுதாக இருந்த பக்கத்துப் பிளக்கை ஒருமுறை கழற்றி அதன் நிறம் பக்கத்துப் பிளக்கின் நிறத்தோடு சேர்கிறதா என்று பாருங்கள்.